நீரின் பாதையும் அண்டை வீட்டாரின் உரிமையும்



மழை அல்லாஹ்வின் ரஹ்மத். ஆயினும் 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் தரமணியை அடுத்த வேளச்சேரியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. "எல்லாம் தக்தீர்" என்று கூறி நாம் ஓய்ந்துவிடலாமா?

தென்சென்னை ஏரிகள் பலவற்றில் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வந்தடைகிறது. அந்நிலம் அதனைத் தேக்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்கு அனுப்புகிறது. அதன் பெரும்பகுதியைக் கட்டடங்களும் சாலைகளும் பெருங்குடிக் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இடம் இழந்த நீர் தாழ்வான வீடுகளைத்தானே நாடும்? மழையை இறக்கியவன் அல்லாஹ். அதன் பாதையை அடைத்தவர்கள் மனிதர்கள்.

அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம், நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதர்களின் செயல்களோடு இணைத்தே பேசுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள்.

எனவே, மனை வாங்குமுன் விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். அது ஏரியாகவோ கால்வாயாகவோ இருந்ததா என்று வருவாய்த்துறைப் பதிவேடுகளில் பாருங்கள். கட்டட இடிபாடுகளை மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். நாம் அடைத்த நீர் அண்டை வீட்டாரின் அடுப்பை அணைத்தால், அது ஹக்குல் இபாத். பாதிக்கப்பட்டவர் மன்னிக்காதவரை, தவ்பாவால் மட்டும் அது தீராது.

பிறருக்குத் தீங்கிழைக்காமல் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.