எலும்பு மஜ்ஜைக் கொடையும் நம் கடமையும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் எலும்பு மஜ்ஜையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இரத்தப் புற்றுநோயும் தலசீமியாவும் நம் பிள்ளைகளை விட்டுவைப்பதில்லை. இந்நோய்கள் கண்டோர் பலருக்கு மருந்து மட்டும் போதாது. பிறர் ஒருவரின் ஸ்டெம் செல், அதாவது குருதியை உண்டாக்கும் மூல உயிரணு, தேவைப்படுகிறது. எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே அதன் விளைநிலம்.

இங்கே இரத்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் குற்றமில்லை. எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளங்கள் பொருந்த வேண்டும். அவற்றில் பாதி தந்தைவழி வருவது, பாதி தாய்வழி வருவது. ஆதலால் உடன்பிறந்தவருடையது முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. மற்றவர்கள் அயலாரைத்தான் தேட வேண்டும். 1974-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஷெர்லி நோலன் என்னும் தாய், தம் மகன் ஆந்தனிக்காக அத்தகைய கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தம் கிடைக்காமலே அச்சிறுவன் 1979-இல் மறைந்தான். பதிவேடு நிலைத்துப் பிறர் மக்களைக் காத்தது. நம் சென்னையில் 2009-இல் தாத்ரி என்னும் பதிவேடு தொடங்கப்பட்டது.

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலே, அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். அந்த அகமணம் நம் திசுக்களிலும் தடம் பதித்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் மணவினை நடந்தமையால், ஒருவருக்கு முற்றும் பொருந்தும் அயலார் அவர் பிறந்த மக்களிடையே கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. பதிவேட்டில் நம் மக்கள் பெயர் இல்லையென்றால், தேடும் நாளில் நம் குழந்தைக்கு யார் கிடைப்பார்?

ஆயினும் பொருத்தம் சாதிச் சான்றிதழைக் கேட்டு வருவதன்று. மஜ்ஜை பெற்றவரின் இரத்தப் பிரிவே நாளடைவில் கொடுத்தவருடைய பிரிவாக மாறிவிடுகிறது. நம் கை பட்ட தண்ணீரைக் குடிக்க மறுத்த வீட்டார் ஒருவரின் உடலில், நம் இளைஞன் ஒருவன் தந்த உயிரணு வாழ்நாள் முழுதும் குருதியை ஊறச் செய்யலாம். அவருக்கு அது தெரியாது, நமக்கும் தெரியாது. இருவர் பெயரையும் குறைந்தது ஓராண்டேனும் மறைத்தே வைப்பார்கள். கொடைக்குப் பணமும் இல்லை.

தாய்மார்களின் அச்சத்துக்கு வருகிறேன். முதுகுத் தண்டில் ஊசி போட்டு உறிஞ்சுவார்கள், பிள்ளை முடமாகிவிடுவான் என்கிறார்கள். தண்டுவடம் வேறு, மஜ்ஜை வேறு. பெயர் பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலே போதும். 18 முதல் 50 வயதுக்குட்பட்ட நலமுள்ளோர் பதியலாம். பதிந்தோருள் மிகப் பலருக்கு அழைப்பே வருவதில்லை. வந்தால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி மருந்து செலுத்தி, கை நரம்பின் வழியே இரத்தத்தை எடுத்து, மூல உயிரணுக்களை மட்டும் இயந்திரத்தால் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை உடலுக்கே திருப்பிவிடுகிறார்கள். சில மணி நேர வேலை. அந்நாள்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. சிலரிடம் மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

இளைஞர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விழா உற்சாகத்தில் பெயர் கொடுக்காதீர்கள். மாற்றுச் சிகிச்சைக்கு முன்னர் நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவார்கள். அதன் பிறகு கொடையாளர் பின்வாங்கினால் அவ்வுயிர் நிற்பதற்கு இடமில்லை. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு; அதை முதல் அழைப்பிலேயே பயன்படுத்துங்கள். வீட்டாரிடம் இன்றிரவே பேசுங்கள். தாயும் தந்தையும், மணமானவர்களாயின் துணைவரும், விவரம் அறிந்து இசைந்த பின்னர் பதியுங்கள். முகவரி மாறினால் பதிவேட்டுக்குத் தெரிவியுங்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போகிற நம் பிள்ளைகள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.