செக்ரோல் கணக்குக்கு யார் காவல்?

(ஹட்டனில் நடந்த தோட்டக் கமிட்டி வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் நாம் நகர்வதில்லை. அரைப்பேர் போட்டால் அன்றைக்கே கேட்கிறோம். ஆனால் அந்தக் கிலோவும் அந்தப் பேரும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு பத்திரமாக இருக்கின்றனவா என்று நாம் கேட்பதில்லை. இனிக் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வைரஸ் என்பது கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட புரோகிராம். அதில் கப்பம் கேட்கும் வகை ஒன்று உண்டு. உள்ளே நுழைந்ததும் கணக்குகள் எல்லாவற்றையும் பூட்டிவிடும். திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று திரையில் எழுதிக் காட்டும். கட்டினாலும் கணக்கு திரும்பக் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

இது வெளிநாட்டுக் கதை அல்ல. 2023 ஆகஸ்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையையே இந்த வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையைச் சீக்கிரமே திரும்ப இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். காரணம் இரண்டு. 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருளையே புதுப்பிக்காமல் வைத்திருந்தார்கள். எடுத்து வைத்த பிரதியும் அதே இணைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை.

அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் தோட்ட ஆபீஸுக்கு? ஈ.பி.எஃப். என்று நம்மிடம் பிடிக்கும் 8 வீதம், நிர்வாகம் போட வேண்டிய 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம், சேவைக்காலப் பணம் எல்லாமே பேரையும் சம்பளத்தையும் வைத்துப் போடும் கணக்கு. அந்தப் பதிவு அழிந்தால் அலையப்போவது நாம்தான்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவை:

வாரம் ஒருமுறை கணக்கைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

தெரியாத மின்னஞ்சலைத் திறந்துவிட்ட கிளார்க், பயமில்லாமல் உடனே சொல்ல முடிய வேண்டும். தண்டனைக்குப் பயந்து மறைத்தால் வைரஸ் மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் பரவும். இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கு அறிவிப்பதே முதல் வேலை.

நம் சங்க ஆபீஸுக்கும் இதே சட்டம்தான். சந்தாக் கணக்கும் வழக்குக் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. வெளியில் இருந்து வரும் பென் டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்கக் கூடாது.

நம் கையில் இருக்கும் போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். நிவாரணம், பரிசு என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் தொடாதீர்கள். அதில் வரும் ஆப்பைப் போனில் ஏற்றாதீர்கள். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சம்பளத் துண்டை மாதாமாதம் கேட்டு வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். எந்த வைரஸாலும் பூட்ட முடியாத பிரதி அது.

அடுத்த மாதம் ஒவ்வொரு கமிட்டியும் துரையிடம் ஒரு கேள்வி வைக்கட்டும்: செக்ரோல் கணக்கைக் கடைசியாகப் பிரதி எடுத்தது எந்தத் தேதி, அது இப்போது எங்கே இருக்கிறது? பதிலை எழுத்தில் வாங்குவோம்.