முதுகிற் சுமக்கும் படுக்கை

மலைநாட்டின் குளிரைப் பகலிற் கண்டு மகிழ்ந்தவர் பலர். இரவில் தரையிலே படுத்து அறிந்தவர் சிலரே. நுவரெலியா நகரம் கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்தது. ஹோர்ட்டன் சமவெளியோ 2,100 மீற்றருக்கும் மேற்பட்டது. தை, மாசித் திங்கள்களில் அங்கே விடியற்காலையிற் புல்லின்மீது உறைபனி வெண்மையாகப் படிந்து கிடப்பதுண்டு. உரிய அனுமதி பெற்று அச்சமவெளியில் இரவு தங்க விழைவோர் முதலில் எண்ண வேண்டுவது படுக்கையைப் பற்றியே.

இதற்கு அவுஸ்திரேலிய மக்கள் கண்ட விடை ‘சுவாக்’ எனப்படும் படுக்கைச் சுருள். தடித்த படங்குத் துணியாலான ஓர் உறை; அதனுள் ஒரு மெத்தை; அவ்வளவே. சுருட்டினால் மூட்டை, விரித்தால் உறைவிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் வேலை தேடிப் பண்ணைதோறும் நடந்து திரிந்தவர்கள் முதுகிற் சுமந்த மூட்டையே இதற்கு மூலம்.

மலைநாட்டுத் தமிழர்க்கும் இக்காட்சி புதிதன்று. அதே நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளரும் தம் உடைமைகளைத் தாமே சுமந்தனர். வழியிலே நோயுற்று மடிந்தோர் பலர். தோட்டத்தை அடைந்தோர்க்குக் கறுப்புக் கம்பளியே பகலில் மழையங்கி, இரவிற் போர்வை.

கம்பளி வெப்பத்தைக் காக்கும், பெருமழையைத் தடுக்காது. படங்கு மழையைத் தடுக்கும். தானே வெப்பம் தராது. ஆகவே இரண்டும் வேண்டும். படுக்கைச் சுருளைத் தேர்பவர் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியையும், நீர் புகாத அடித்தளத்தையும் பார்த்து வாங்குக. மெத்தை தடிப்பாயிருத்தல் நன்று. உடலின் சூட்டை ஈரத்தரை விரைந்து கவர்ந்துகொள்ளும். அட்டை மிகுந்த மலைகளில், இடைவெளியின்றி மூடும் வலையும் இன்றியமையாதது. ஆயினும் இச்சுருள் பாரமானது. நெடுந்தூரம் நடப்பவர்க்கு இலேசான கூடாரமே ஏற்றது.

புதிய பருத்திப் படங்கை முதலில் நன்கு நனைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் நூலிழைகள் பருத்து, தையல் துளைகள் அடைபடும். விரிப்பதற்கு மேடான இடமே தக்கது. பள்ளத்தில் மழைநீரும் குளிர்காற்றும் தங்கும். மழைக்கு அஞ்சி உறையை முற்றாக மூடுதலும் தவறு. உறங்குபவரின் மூச்சிலுள்ள ஈரம் உட்புறத்தே துளிகளாகப் படிந்து போர்வையை நனைத்துவிடும். தலைப்பக்கத்தில் சிறிது திறப்பு வேண்டும். மறுநாள் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி இற்றுப்போகும். மலைநாட்டு மூடுபனியில் உலர்த்த இயலாதபோது, வீடு சேர்ந்ததும் விரித்துக் காயவிடுதல் வேண்டும்.

விரும்பி வெளியில் உறங்குவோர்க்கு உலர்ந்த படுக்கை ஒரு சுகம். வேறு வழியின்றி அவ்வழியே நடந்து வந்தோர்க்கு அது உயிர்க்காப்பாய் இருந்தது. இச்சுருளை அவிழ்க்கும் ஒவ்வோர் இரவும் அதனை நினைவூட்டுமாயின் நன்று.