பழையதைக் காத்துப் புதியதை ஏற்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இவ்வூரில் படைவீடு அமைத்த காலந்தொட்டுத் தமிழ் மக்கள் இப்பகுதியில் குடியேறினர். அவர்தம் வழிவந்தோர் பலர் இன்றும் இச்சிவாஜிநகரில் வாழ்கின்றனர். பிழைப்பு நாடி வந்தோம். ஆயினும் கொண்டுவந்த மொழியைக் கைவிட்டோமில்லை. இன்று நாம் பேசப்போவதும் கைவிடாமை பற்றியே. பொருளோ, சங்கத்தின் பழைய மடிக்கணினி!

நகைக்க வேண்டா. நம் ஆண்டு மலர்களும், உறுப்பினர் பதிவேடும், மறைந்த அன்பர்களின் பெயர்ப்பட்டியலும் அதனுள்ளேதான் இருந்தன. 2012இல் வாங்கிய அக்கருவி கண் விழிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. அதிலிருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14உடன் நின்றுபோயின. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்றனர். நாம் கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

ஏன்? நம் மலர்கள் பழைய தமிழ் எழுத்துருக்களில் அமைந்தவை. அவை ஆங்கில எழுத்துக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. எழுத்துரு மறைந்தால், ‘அம்மா’ என்பதும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். இக்குழப்பம் தீர 1999இல் டாப், டாம் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆயினும் முன்னரே எழுதியவை தாமாக மாறிவிடுமோ?

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், செல்லரிக்குமுன் ஏடுகளைப் படியெடுத்தார்; படியெடுத்தபின் ஏட்டை எறிந்தாரில்லை. அவ்வழியே நமக்கும் வழியாயிற்று.

முதலில், ஹார்ட் டிஸ்க் முழுவதையும் இருவேறு வெளி டிஸ்க்குகளில் படியெடுத்தோம். பின்னர் அதனைக் கழற்றி, அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினோம். முன்னதில் தட்டு சுழலும். பின்னதில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. ஆதலின் விரைவு மிகுதி. கழற்றியது பீரோவில் உறங்குகின்றது.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி நம் கணினியில் இல்லை. ஆதலின் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டை ஏற்றோம்.

பழைய தட்டச்சு மென்பொருளோ 16 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸில் அது நேரே இயங்காது. எனவே வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளால், கணினிக்குள் மற்றொரு கணினியைப் படைத்து, அதனுள் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினோம். 2014 ஏப்ரல் 8உடன் காப்பிழந்த தளம் அது. ஆகவே அதற்கு இணையத் தொடர்பை அறவே துண்டித்தோம். இவையனைத்தும் கைகூடியது, முன்னாள் செயலாளர் ஒருவர் மூலக் குறுந்தகட்டையும் உரிம எண்ணையும் காத்து வைத்திருந்ததால்தான்!

இறுதியில், எழுத்தனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றினோம். பழைய முறையில் கொம்பு முன்னும் மெய் பின்னுமாகப் பதிவாகும். யூனிகோடில் மெய்க்குரிய எழுத்தே முன். இதனால் மாற்றத்தில் பிழைகள் நேர்ந்தன. இளைஞர் திரையில் படிக்க, முதியோர் அச்சு மலரோடு ஒப்பிட்டுத் திருத்தினர். மூன்று தலைமுறை ஒரே மேசையில் அமர்ந்த அக்காட்சியே பெரும் பேறு.

அன்பர்களே, ஒரு குறையும் உண்டு. இரண்டு மலர்களின் கோப்புகள் பழுதுற்றுத் திறக்கவில்லை; சங்கத்தில் அவற்றின் அச்சுப்படியும் இல்லை. உங்கள் இல்லத்துப் பரணில், பெட்டியில், பழைய மலர் எதுவாயினும் இருந்தால் ஒருநாள் இரவல் தாருங்கள். படியெடுத்து நன்றியுடன் திருப்புவோம். புதுமை புகும் வாயிலில் பழமை வெளியேற வேண்டியதில்லை. இரண்டுக்கும் நம் வீட்டில் இடமுண்டு.