பூமியில் தங்கவைக்கப்பட்ட நீர்

 

வானிலிருந்து ஓர் அளவோடு நீரை இறக்கியதையும், அதைப் பூமியில் தங்கச் செய்ததையும், அதனைப் போக்கிவிடத் தான் ஆற்றலுடையவன் என்பதையும் அல்லாஹுத் தஆலா அல்முஃமினூன் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில் அறிவிக்கின்றான். மழைக்கு நன்றி சொல்கின்றோம். தங்கவைத்ததற்கு நன்றி சொல்வோர் சிலரே. ஆண்டு முழுவதும் நம்மை வாழவைப்பது அந்தச் சேமிப்பல்லவா?

வடக்கே அது பனியாக இருக்கின்றது. பாகீரதி நதி புறப்படும் கங்கோத்ரி பனிப்பாறையை 1935ஆம் ஆண்டு முதல் அளந்து வருகின்றனர். அதன் முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. பூமி வெப்பமடைவதால், சேரும் பனியைவிட உருகும் பனி மிகுந்துவிட்டது. வில்லியனூரிலும் பாகூரிலும் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள்.

நமது சேமிப்பு நம் காலடியில் இருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் துளையிட்ட கிணறுகளில் நீர் தானாகவே பொங்கி மேலெழுந்தது. இறைக்க ஆளும் வேண்டாம், மாடும் வேண்டாம். இன்றோ மோட்டாரை ஆழத்திற்கு இறக்க வேண்டியுள்ளது. பாகூர்க் கொம்யூனின் கடலோரத்தில் நன்னீர் தாழ்ந்த இடத்தில் உப்புநீர் நுழைகின்றது. பனிப்பாறை பின்வாங்குவதைக் கண்ணால் காணலாம். இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வரும் நீர் வயலுக்கு மட்டுமன்று, அடிநிலத்திற்கும் உணவாகின்றது. வாய்க்காலில் குப்பை கொட்டுபவர் தம் கிணற்றையே அடைக்கின்றார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு நீரில் உளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டு, ஊர்க்கதை பேசியவாறே மஸ்ஹு செய்கின்றோம்! உளூவினால் நிலத்தடி நீர் வற்றிவிடாது, பெருமளவு இறைப்பது வயல்தான் என்பீர்கள். உண்மையே. ஆயினும் பக்கத்து நிலத்தாரின் கிணறு வற்றும்வரை மோட்டாரை ஓடவிடுபவரும் அதே குழாயில்தான் உளூச் செய்கின்றார். தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் நபிமொழி அவர் காதிலும் விழுந்ததே.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்குமுன், பள்ளிவாசல் மாடியில் விழும் நீர் தெருவுக்குப் போகின்றதா, மண்ணுக்குள் போகின்றதா என்று இன்றைய ஜுமுஆ தொழுகைக்குப் பின் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.