பித்தளைக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஷா ஆலம் 1978ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராயிற்று. அதற்கு முன் அந்த மண்ணில் பெரும்பகுதி ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டங்கள். மிட்லண்ட்ஸ் என்னும் தோட்டப் பெயர் இன்றும் அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயராக வாழ்கிறது.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் நம் நாட்டுத் தோட்டங்களைச் சிறப்புக் காவலர்கள் காத்து நின்றார்கள். காவல் படையினர் அன்று ஏந்திய துப்பாக்கிகளில் அமெரிக்க எம்-1 கார்பைனும் ஒன்று. அக்காலத்துத் தோட்டா ஒன்று பழைய தோட்ட மண்ணில் என்றாவது ஒரு பிள்ளையின் கண்ணில் படலாம். பித்தளைக்குப் பழைய சாமான் கடையில் விலை உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பித்தளைக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள். முதலாவது, பித்தளைக் கூடு. இதில் ஏறத்தாழ 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இரண்டாவது, அடியில் பொட்டுப்போல் பதித்திருக்கும் பிரைமர். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொட்டுவெடியைப் போல, தட்டியதும் இது தீப்பொறியைக் கக்கும். மூன்றாவது, உள்ளே இருக்கும் மருந்து. நான்காவது, நுனியில் செருகிய குண்டு. பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது.

1857ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றிப் படித்திருப்போம். அன்றைய தோட்டா காகிதத்தால் ஆனது. சிப்பாய் அதைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இடித்து இறக்குவான். பின்னர் உலோகக் கூடு பரவியது. 1884இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பால் வியேய் புகை குறைந்த மருந்தைக் கண்டுபிடித்தார். வலிமை மிகுந்த அந்த மருந்தை அளப்பதில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது.

சுட்ட பின் பித்தளைக் கூடு மிஞ்சுகிறது. சட்டம் இடம் கொடுக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், பழைய இராணுவத் துப்பாக்கிகளைப் போற்றி வைத்திருப்போர் சிலர், அக்கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே மருந்தை நிறுக்கும் அளவு கிரெயின். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் உண்டு. நம் பொற்கொல்லரின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி எடைதான் ஒரு கிரெயின்!

அமெரிக்கப் படை 1936இல் ஏற்ற எம்-1 காரண்டு என்னும் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஜான் காரண்டு என்பவர் வடிவமைத்த இது, ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டைச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். குழலின் முனைக்கருகில் ஒரு சிறு துளை உண்டு. குண்டு அதைக் கடந்ததும் வாயு அத்துளை வழியே புகுந்து ஓர் இரும்புத் தண்டைப் பின்னே தள்ளும். தண்டு வெற்றுக்கூட்டை வெளியே எறிய உதவி, அடுத்ததற்கு வழிவிடும்.

இத்துப்பாக்கிக்கு உரியதைவிட மெதுவாக எரியும் மருந்தை நிரப்பினால் என்ன ஆகும்? குண்டு துளையைக் கடக்கும் வேளையில் அழுத்தம் மிகுதியாக இருக்கும், தண்டு வளைந்துவிடும். பிரைமர் சிறிது துருத்திக்கொண்டிருந்தால், விசையை இழுக்காமலே தோட்டா வெடித்துவிடக்கூடும். பலமுறை பயன்பட்ட கூடு நீண்டு மெலிந்து, அடிப்பக்கம் பிளந்துபோவதும் உண்டு. அப்போது முதலில் காயப்படுவது சுடுபவரே.

கருவியும் தராசும் பயிற்சியும் உடையவருக்கே இத்தனை ஆபத்து என்றால், ஆணியும் சுத்தியலும் கொண்டு உடைத்துப் பார்க்கும் சிறுவனின் நிலை என்ன? குழலுக்குள் இல்லாத தோட்டா வெடித்தால், கூடு சிதறிப் பித்தளைத் துணுக்குகள் கண்ணிலும் கையிலும் பாயும். மண்ணில் பல ஆண்டு கிடந்ததால் மருந்து செத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அடிப்பொட்டில் ஊசி பட்ட தழும்பு இருந்தாலும், நுனியில் குண்டு நின்றால் அதை உயிருள்ள தோட்டாவாகவே கருத வேண்டும்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றி ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். தோட்டா செய்வது தொழிற்சாலையின் வேலை. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்த சிலாங்கூரின் பத்து ஆராங்கில் அத்தகைய தொழிற்சாலை அமைந்தது. வீட்டில் செய்து பார்க்கும் கைத்தொழில் அன்று இது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளிடம் மூன்று செய்திகளைச் சொல்லி வையுங்கள். தோட்டாவைக் கண்டால் தொடாதே. தட்டாதே, தீயில் இடாதே. நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பெரியவரை அழைத்து வா. பெரியவர்கள் 999க்கு அழைத்துக் காவல் நிலையத்தாருக்குச் சொல்லட்டும். அதை எடுத்துச் செல்வது அவர்கள் கடமை. எடைக்குப் போட்டால் கிடைக்கும் சில்லறைக்காக ஒரு பிள்ளையின் விரல்கள் போக வேண்டாம்.