ஈரம் எங்கே போகிறது?



2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெருமழை கொட்டியது. செல்லூர்ப் பகுதியில் வெள்ளம் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. நீர் வடிந்தபின் எழும் கேள்வி, நனைந்த விரிப்பையும் அறையையும் எவ்வாறு உலர்த்துவது என்பதாகும்.

கதவைச் சாத்திவிட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் யாவும் பத்தடியான அறையில் ஏறக்குறைய 28 கன மீட்டர் காற்று உண்டு. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியையே தாங்கும். அறை முழுவதற்கும் 850 கிராம் ஆகிறது. ஐப்பசிக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு முன்னரே நிறைந்திருக்குமாயின், மிஞ்சும் இடம் 170 கிராமுக்குத்தான். பெரிய ஜமக்காளமோ ஐந்து லிட்டர் நீரைக் குடித்திருக்கக் கூடும்! பூட்டிய அறையில் விசிறி ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி வரச் செய்கிறது.

ஆகவே, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதலில் நீரை நீராகவே அகற்றுங்கள். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும்; பிழிவதற்கு இரு கைகள் போதும். சாக்கடை கலந்த நீராயின், நல்ல நீரில் அலசிய பின்னரே உலர்த்த வேண்டும். பிறகு விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டு, எதிரெதிர்ச் சன்னல்களை நண்பகலில் திறந்து வையுங்கள். மழை பெய்யும்போதும் இரவிலும் வெளிக்காற்றே ஈரமாயிருக்கும். அப்போது திறப்பதால் பயன் குறைவு.

எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் களத்து நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். மேற்பக்கம் சுட்டாலும் அடிப்பக்கம் ஈரமாயிருந்தால், குதிருக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். விரிப்புக்கும் அதுவே நியதி. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குள் பாய்ந்தபோது, நனைந்த நூல்களைப் புகையிலை உலர்த்தும் கூடங்களுக்கு அனுப்பினர். அங்கே வெப்பமும் காற்றோட்டமும் சேர்ந்திருந்தன.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். ஓரிரு நாட்களிலேயே பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். அதன் நுண்வித்துக்கள் ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சைத் திணறச் செய்யும். துணி போனால் வேறு வாங்கலாம். குழந்தையின் சுவாசத்தை வாங்க இயலாது.

விரிப்பு காய்ந்தாலும் தரை காய்ந்திராது. ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டி, ஓரிரவு விட்டுவையுங்கள். காலையில் அதன் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தால், விரிப்பு இன்னும் கொடியிலேயே இருக்கட்டும்.